யாரும் எழுதாத வரி

ஒரு விடுகதை சொல்கிறேன், கேள். இரண்டு பேர் எழுதினார்கள். அவர் எழுதியது சரி, இவர் எழுதியதும் சரி. சேர்த்து வைத்துப் படித்தால் மூன்றாவதாக ஒரு வரி இருக்கிறது. அதை இருவருமே எழுதவில்லை. அப்படியானால் எழுதியது யார்? என் மகள் அமலியாக இருந்தால் கண்ணை இடுக்கிக்கொண்டு, பேயா என்று கேட்பாள். பேய் இல்லை. அப்ப டீச்சரா? டீச்சரும் இல்லை. அவளுக்கு விடுகதை என்றால் உயிர், ஆனால் இதை அவளிடம் கேட்க முடியாது, மனதுக்குள்தான் சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் அவள் அறைக்குள் இருக்கிறாள், கதவு சாத்தியிருக்கிறது, அவளாகத் திறக்கும்வரை நான் தட்டக் கூடாது என்று பேச்சு. நான் சமையலறையில் இறால் உரிக்கிறேன். லேப்டாப் அரிசி டிரம்மின் மேல் திறந்திருக்கிறது. தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, முதுகில் கத்தி முனையால் ஒரு கீறு கீறி, உள்ளே இருக்கும் கறுப்பு நூலை உருவி எடுக்க வேண்டும். இத்தனை வருடமாகச் செய்கிற வேலை. இன்றைக்குத்தான் முதுகில் கீறுகிறேன் என்பது கைக்குத் தெரிகிறது. மதுரை டாக்டரம்மா மேசைமேல் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார், இங்கிருந்து இதுவரைக்கும் திறப்போம் என்று, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், பை ஜிப்பைத் திறப்பதைச் சொல்வதுபோல. அமலி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அமலியைப் பார்த்தேன். இந்த இறாலை யார் வாங்கச் சொன்னது? நான்தான். அவளுக்குப் பிடிக்குமே என்று நான்தான் வாங்கினேன். கீறாமல் அப்படியே போட்டுவிடலாமா? வயிற்றுக்கு ஆகாது. கீறு. பார்க்காமல் கீறு. பார்க்காமல் கீறினால் விரலில் படும். திரையைப் பார்க்கிறேன். பக்கம் அப்படியே இருக்கிறது. ஆரஞ்சுக் கொடி ஒரே இடத்தில் மினுக்குகிறது. அது அவள். ஒரே பக்கத்தைப் பல பேர் திறந்து வைத்து எழுதும்போது, யார் எந்த இடத்தில் நிற்கிறாரோ அங்கே ஒரு கோடு மினுக்கும், கோட்டின் தலையில் அவர் பெயரோடு சின்னக் கொடி இருக்கும். அமலிக்கு ஆரஞ்சு. எனக்குப் பச்சை. அவள் அப்பாவுக்கு நீலம், ஆனால் நீலத்தைக் காணோம், அவர் கடலில் இருக்கிறார். லாம்பர்ட் சரக்குக் கப்பலில் செகண்ட் எஞ்சினியர். அந்தக் கப்பலின் இணையம் கேப்டனுக்கும் கம்பெனிக்கும்தான், மற்றவர்களுக்குக் கரை நெருங்கினால்தான் உலகம். ஓமன் கரையில் சலாலா பக்கம் வந்ததும் சிக்னல் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தப் பக்கமே அவளுடைய கண்ணால் வந்தது. என் முகத்தைப் படிக்கிற அந்தக் கண்ணால். தோசையா இட்லியா என்று கேட்டால் வாய் திறக்கும் முன்னால் என் முகத்தைப் பார்ப்பாள், மாவு புளித்திருக்கிறதா, அம்மா களைத்திருக்கிறாளா, எது சுலபம் என்று முகத்திலேயே படித்துவிட்டு அதையே தனக்குப் பிடித்தது என்று சொல்வாள். நல்ல பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்கிறது. எனக்கு அதுதான் பயம். அவள் முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்திருக்கிறது, அதற்கு டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். ஒன்று பெல்ட். பெல்ட் என்கிறார்களே தவிர அது பெல்ட் இல்லை, அக்குளில் தொடங்கி இடுப்புவரை பிளாஸ்டிக் கூடு, சில வருடம் ராத்திரி பகல் போட்டிருக்க வேண்டும், போட்டும் வளைவு கூடலாம். இன்னொன்று ஆபரேஷன். கம்பி வைத்து நிமிர்த்துவது. பெரும்பாலும் நல்லபடியாக முடியும். பெரும்பாலும். அந்த ஒரு வார்த்தையில் நான் அன்றிலிருந்து மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பெரும்பாலும் என்றால் மீதி எங்கே போகிறது? மீதி என்பது காலில் உணர்ச்சி போவது, அதை டாக்டரம்மா அமலியை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னார். பாதியில் நிற்கும் வளைவு இது, எந்தப் பக்கமும் போகலாம், பிள்ளையிடம் கேளுங்கள், கூட்டுக்குள் இருக்கப்போவதும் மேசையில் படுக்கப்போவதும் அவள்தானே, என்றார். நாளை காலை பதில் சொல்ல வேண்டும், ஆபரேஷனுக்கு ஒதுக்கிவைத்த நாள் அதற்குமேல் காத்திருக்காது. வீட்டுக்கு வந்து நானும் லாம்பர்ட்டும் பேசி முடிவெடுத்தோம். நேரில் கேட்டால் அவள் என் முகத்தைப் படிப்பாள், போனில் கேட்டால் அவர் குரலைப் படிப்பாள். பக்கத்துக்கு முகம் கிடையாது. பக்கத்தில் எழுதுவோம். இரண்டு வழியையும் நேராக எழுதிவைப்போம், சாய்க்காமல், அவள் தனியாக உட்கார்ந்து படித்துவிட்டு அங்கேயே விடையை எழுதட்டும். எனக்கு எது வேண்டும் என்று அவளுக்குத் தெரியக் கூடாது. எனக்கு எது வேண்டும்? ஆபரேஷன் வேண்டாம். வேண்டவே வேண்டாம். பெல்ட் போதும், வளைந்தால் வளையட்டும், என் பிள்ளையை யாரும் திறக்க வேண்டாம். இதை நான் எங்கேயும் எழுதவில்லை. ஆனால் எழுதாதது பக்கத்தில் வராது என்று யார் சொன்னது?

எக்ஸ்ரேயை முதன்முதலில் வெளிச்சப் பலகையில் மாட்டியபோது எனக்கு என் வேலைதான் ஞாபகம் வந்தது, சிரிப்பாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான். எலும்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாகத்தான் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை, ஒன்றுகூட வரிசை மாறவில்லை. ஆனால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி நின்றன. வரிசை சரி, இடம் தப்பு. என் வேலையும் அதுதான். பல பேர் சேர்ந்து எழுதும் மென்பொருளில் நம் எழுத்துகள் உடையாமல் பார்த்துக்கொள்வது. நாம் 'டு' என்று ஓர் எழுத்தாகப் பார்ப்பதை இயந்திரம் இரண்டாக வைத்திருக்கிறது, ட ஒன்று, அதன் காலில் தொங்கும் உகரக் குறி ஒன்று. ஒருவர் ட-வை அழிக்கும் அதே நேரத்தில் வேறொருவர் குறியை மாற்றினால், குறி மட்டும் அநாதையாக நிற்கும், திரையில் அது ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும். அந்தப் புள்ளி வட்டம் கனவில்கூட வந்திருக்கிறது. அது வராமல் இருக்க ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி அடையாளம் கொடுக்கிறோம். அழித்த எழுத்தும் போய்விடுவதில்லை, இருந்த இடத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும், அதற்கு எங்கள் வேலையில் கல்லறை என்றே பெயர். ஒருவர் ஊரில், ஒருவர் கடலில், ஒருவர் அடுத்த அறையில் எழுதினாலும், எழுதியது முன்னே வந்தாலும் பின்னே வந்தாலும், எல்லாம் வந்து சேர்ந்த பிறகு எல்லாத் திரையிலும் ஒரே எழுத்துகள் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். இருந்தால் பாஸ். அதற்குமேல் சோதனையில் கேள்வி இல்லை. எல்லோரும் ஒரே வரியைப் பார்க்கிறார்களா என்றுதான் கேட்போம். அந்த வரியை யாராவது சொல்ல நினைத்தார்களா என்று கேட்க எங்களிடம் சோதனை கிடையாது. விடுகதைக்கு விடை அதுதான். எழுதியது யாருமில்லை. இரண்டு சரியும் ஒன்றையொன்று பார்க்காமல் வந்து ஒட்டிக்கொள்ளும்போது தானாக விழுகிற வரி. சோதனைக்காக இப்படி எத்தனையோ வரிகளை நானே செய்து பார்த்திருக்கிறேன், 'பூனை பாலைக் குடித்தது' என்பதை நாலு விதமாகக் குழப்பி, பால் பூனையைக் குடிக்கிறவரை. சிரித்திருக்கிறேன். அமலியையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன்.

நீலக் கொடி வந்துவிட்டது. பக்கத்தின் மேல்மூலையில் லாம்பர்ட் என்று மினுக்குகிறது. சலாலா வந்துவிட்டது, கரை தெரிந்துவிட்டது, அப்பாடா என்று ஒரு மூச்சு, அந்த மூச்சு பாதியில் நிற்கிறது, ஏனென்றால் அந்த வரி அசைந்தது. ஒரே ஒரு குறி. பக்கத்தின் கடைசி வரி, நாங்கள் இருவரும் சேர்ந்து அவளுக்குத் தரும் வாக்கு. இப்போது அது இப்படி நிற்கிறது: ஆபரேஷன் வேண்டாம் என்று நீ சொன்னால் செய்வோம். மறுபடி படிக்கிறேன். வேண்டாம் என்று நீ சொன்னால் செய்வோம். இது நாங்கள் எழுதியதில்லை. இல்லை, நாங்கள் எழுதியதுதான், ஒவ்வோர் எழுத்தும் நாங்கள் எழுதியது, 'டா'வில் இருக்கும் குறி நீலம், 'செய்வோம்' பச்சை, மற்றதெல்லாம் பழைய நீலம். எப்படி என்று எனக்குத் தெரிகிறது. தெரியாமல் இருந்திருக்கலாம். கப்பல் கிளம்பும் அவசரத்தில் அவர் போனில் தட்டிய வரி இது: ஆபரேஷன் வேண்டும் என்று நீ சொன்னால் செய்ய மாட்டோம். கட்டைவிரல் செய்த தப்பு, ஒரு குறி மாறிப் பொருளே தலைகீழ். நான் பார்த்ததும் பதறிப்போய்த் திருத்தினேன், 'செய்ய மாட்டோம்' என்பதை எடுத்துவிட்டு 'செய்வோம்' என்று போட்டேன். வேண்டும் என்று நீ சொன்னால் செய்வோம். சரியாகிவிட்டது. அவரோ கடலுக்குள் போன பிறகு தன் போனில் இருந்த பழைய வரியைப் படித்திருக்கிறார், தப்பு அவருக்கும் தெரிந்திருக்கிறது, அவர் முன்பக்கத்தைத் திருத்தியிருக்கிறார், 'டு'வை 'டா'வாக்கி. வேண்டாம் என்று நீ சொன்னால் செய்ய மாட்டோம். அதுவும் சரி. அவர் திருத்தம் அவர் போனிலேயே கிடந்து இத்தனை நாள் கடலில் மிதந்து இப்போது கரையேறியிருக்கிறது. இரண்டு திருத்தமும் ஏறிவிட்டன. ஒரு தப்பை இரண்டு பேர் இரண்டு பக்கமாகத் திருத்தினால் தப்பு திரும்ப வருகிறது, முன்னைவிடப் பயங்கரமாக. நீ வேண்டாம் என்றாலும் உன்னைத் திறப்போம் என்று ஒரு பிள்ளைக்கு அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறோம். நான் மட்டும் ஏன் பின்பக்கத்தைத் திருத்தினேன்? 'டு'வை 'டா' ஆக்குவது சின்ன வேலை, ஒரே குறி. நான் ஏன் நீளமான வேலையைச் செய்தேன்? 'வேண்டாம்' என்ற வார்த்தையை என் கையால் எழுதப் பயந்தேன். எழுதினால் அதில் என் முகம் தெரிந்துவிடும் என்று பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். சாயக் கூடாது என்று சாய்ந்தேன். மூன்று திரையிலும் இப்போது ஒரே வரி. பாஸ்.

ஆரஞ்சுக் கொடி எங்கே? அந்த வரியின் கடைசியில் நிற்கிறது. 'செய்வோம்' முடிகிற இடத்தில், முற்றுப்புள்ளியை ஒட்டி. படித்துவிட்டாளா? முன்பே அங்கேதான் நின்றதா, இப்போது வந்து நின்றதா? நான் இறாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடி நிற்கிற இடமும் கண் நிற்கிற இடமும் ஒன்றில்லை, அதை நான் எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன், ஒருவர் கொடியை ஓர் இடத்தில் விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அமலி ஜன்னல் பிள்ளை. எதிர்வீட்டு ஏசிப் பெட்டியில் புறா குஞ்சு பொரித்திருக்கிறது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். இல்லை. ஒரு வரி அசைந்தால் யாருக்கும் கண் போகும். அவளுக்குப் போகாதா? கையெல்லாம் இறால். குழாயைத் திறக்கிறேன், தண்ணீர் சூடாக வருகிறது, மாடித் தொட்டி வெயிலில் காய்ந்த தண்ணீர், சோப்பு எங்கே, சோப்பு வழுக்குகிறது. போய்க் கதவைத் தட்டிச் சொல்லிவிடலாம். என்ன முகத்தோடு? இந்த முகத்தோடா? வரி தப்பு என்று நான் சொல்வேன், அவள் என் முகத்தைப் படிப்பாள், அம்மாவுக்கு எவ்வளவு பயம் என்று முழுவதும் படித்துவிட்டு, சரிம்மா, பெல்ட்டே போதும், எனக்கும் அதுதான் பிடிக்கும் என்பாள். இட்லி மாதிரி. அதைத்தானே நீ ஆசைப்படுகிறாய்? ஆமாம். இப்படி இல்லை. ஆமாம், எப்படியானாலும். இல்லை. சும்மா வரியைத் திருத்திவிடு, அவள் கண்முன்னாலேயே. திருத்தினால் என்ன தெரியும் அவளுக்கு? வாக்கு மாறுகிறது என்று தெரியும். அம்மாவின் பச்சைக் கொடி ஓடிவந்து வாக்கை மாற்றுகிறது என்று தெரியும். எது முதல், எது திருத்தம் என்று ஒரு பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு கொடியை அந்த வரிக்கு நகர்த்துகிறேன். நகர்த்திய அடுத்த கணம் அறையிலிருந்து சத்தம் வருகிறது.

"அம்மா! எட்டிப் பாக்காத!"

"பாக்கல மக்கா. இறால் உரிக்கேன்."

"பொய் சொல்லாத. பச்சைக் கொடி இங்க என் பக்கத்துல வந்து நிக்கி. ஒன் பேரு போட்டு."

"கை பட்டுட்டு."

"இறால் உரிக்கிற கையா?"

சிரிக்கிறாளா? குரலில் சிரிப்பு இருந்த மாதிரி இருக்கிறது. கதவு வழியாக வரும் குரலில் பாதிதான் வருகிறது, சிரிப்பு அந்தப் பாதியா இந்தப் பாதியா? அந்த வரியைப் படித்த பிள்ளை சிரிக்குமா? சிரிக்கும். அமலி சிரிப்பாள். ஊசி போடும்போது நர்ஸிடம், உங்களுக்குக் கை வலிக்கலையா என்று கேட்டவள் அவள். பயந்தால் சிரிக்கிற பிள்ளையின் சிரிப்பை வைத்து என்ன முடிவு செய்வது? போன் அடிக்கிறது. லாம்பர்ட். நான் அங்கேயே நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டு எடுக்கிறேன், கரகரப்புக்குள்ளிருந்து குரல் வருகிறது, பின்னால் எஞ்சின் சத்தம், யாரோ இந்தியில் கத்துகிறார்கள்.

"ஏட்டி ஜெனோ, லைன் கிடைச்சுட்டு. பிள்ள எழுதிட்டாளா?"

"இல்ல. நீங்க அந்தக் கடைசி வரியப் பாத்தீங்களா?"

"பாத்தேன்ட்டி. தூக்கி வாரிப் போட்டுட்டு. நான் சரியால்லா மாத்துனேன். ராத்திரி டூட்டி முடிச்சு ஒக்காந்து மாத்துனேன்."

"நானும் சரியாத்தான் மாத்துனேன். நீங்களும் சரி, நானும் சரி. அதான் தப்பு."

"என்ன எழவு கணக்கு இது? இத வச்சுத்தான் ஒனக்குச் சம்பளம் குடுக்கானுவளா?"

"கிண்டல் பண்ணாதீங்க, அவ கொடி அந்த வரிலதான் நிக்கி."

"சரி சரி. பயப்படாத. இப்ப மாத்திருதேன், ஒரு குறிதான."

வேண்டாம், நீங்கள் தொடாதீர்கள் என்று நான் சொல்கிறேன். சொல்லும்போதே போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு லேப்டாப்பில் 'செய்வோம்' என்பதை அழித்து 'செய்ய மாட்டோம்' என்று தட்டுகிறேன், பழக்கம், விரல் என்னைக் கேட்கவில்லை. என் குரல் அவரிடம் போய்ச் சேர்வதற்குள் அவர் விரலும் தட்டிவிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம், அவர் அங்கே, நான் இங்கே, வரி நிலைக்கு வருகிறது: ஆபரேஷன் வேண்டும் என்று நீ சொன்னால் செய்ய மாட்டோம். முதல் தப்பு. கட்டைவிரல் தப்பு. கல்லறைக்குள்ளிருந்து எழுந்து வந்த மாதிரி அதே வரி, அதே எழுத்துகள். ஐயோ, என்கிறார் அவர். கைய எடுங்க, என்கிறேன், போனைக் கீழ வைங்க, ஒண்ணையும் தொடாதீங்க. எடுத்துட்டேன், எடுத்துட்டேன், ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கேன், என்கிறார், பக்கத்தில் நிற்கும் ஆள் பார்த்தால் என்ன நினைப்பான், இந்தச் செகண்ட் எஞ்சினியர் யாருக்கோ சரணடைகிறான் என்று நினைப்பான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. இப்போது ஒருத்தியாக நான் மாற்றலாம், நிதானமாக, ஒரே ஒரு குறி, டகரத்தின் காலில் இருப்பதை எடுத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு காலை வைக்க வேண்டும். வைத்தால் சரியாகிவிடும். மூன்றாவது முறையாக. அவள் கண்முன்னால் மூன்றாவது முறையாக. விரல் விசைமேல் நிற்கிறது, அழுத்தவில்லை, ஏனென்றால் ஆரஞ்சுக் கொடி நகர்கிறது. அடுத்த வரிக்கு இறங்குகிறது. அங்கே காலி இடம், அவளுக்கு என்று நாங்கள் விட்டுவைத்த இடம். எ. எழுதுகிறாள். என. எனக்கு.

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வருகிறது, இதுவரை இருந்ததெல்லாம் பயமில்லை, பதற்றம். அவள் படித்த இரண்டு வரியும் ஒரே கணக்கைத்தான் சொல்கின்றன. வேண்டாம் என்றால் செய்வோம். வேண்டும் என்றால் செய்ய மாட்டோம். இரண்டும் தப்பு, ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்துகிற தப்பு, விடுகதைப் பிள்ளைக்கு அது போதும். அவள் நினைக்கலாம், இது புதிர், இந்தப் பக்கத்தில் எல்லாம் தலைகீழ், எனக்கு வேண்டாம் என்றால் வேண்டும் என்று எழுத வேண்டும். அப்படியானால் அவள் வேண்டும் என்று எழுதினால் அது வேண்டுமா வேண்டாமா? வேண்டாம் என்று எழுதினால்? அவள் புதிரை நம்பினாளா, நம்பவில்லையா? எந்த வார்த்தை வந்தாலும் அதற்குள் என்ன இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது, நாளை காலை நான் அந்த வார்த்தையை மதுரைக்குப் போனில் சொல்வேன், அவர்கள் குறித்துக்கொள்வார்கள், மேசை, விளக்கு, விரல் இழுத்த கோடு. எனக்கு ஆபரேஷன். எழுத்து எழுத்தாக வருகிறது, தேடித் தேடித் தட்டுகிறாள், டேப்லெட்டில் அவளுக்குத் தமிழ் மெதுவாகத்தான் வரும். எனக்கு ஆபரேஷன் வே. லாம்பர்ட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார், போனில் அவர் மூச்சு கேட்கிறது, எஞ்சின் கேட்கிறது. வேண். என் பிள்ளையின் கால் இரண்டும் எனக்கு ஞாபகம் வருகிறது, மண்ணோடு வந்து கட்டில்மேல் ஏறுகிற கால், ஏறாதே என்று நான் கத்துகிற கால். வேண்ட. நின்றுவிட்டது. எனக்கு ஆபரேஷன் வேண்ட. டகரம் மொட்டையாக நிற்கிறது. காலில் குறி தொங்கினால் ஒன்று, பக்கத்தில் கால் முளைத்தால் இன்னொன்று. கொடி மினுக்குகிறது. கடற்கரைப் பக்கமிருந்து மீன் ஏலக் குரல் ஒன்று காற்றோடு வந்து போகிறது. அவளிடம் இருக்கிற நெட் நின்றுவிட்டதா? இல்லை, மினுக்குகிறதே. யோசிக்கிறாள். என்னை மாதிரியே அவளும் அந்த ஓர் எழுத்தின்மேல் நின்று யோசிக்கிறாள், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம். எந்தக் குறியும் வராமல் இப்படியே இருந்துவிட்டால் என்ன? வளைவு வளரும். நாள் போகும். இருந்தாலும் இப்படியே கொஞ்ச நேரம் இரு, மக்கா. எழுதாதே. எழுது. எதையாவது எழுது. ட போகிறது. ண் போகிறது. வே போகிறது. கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழிக்கிறாள், ஆபரேஷன் போகிறது, எனக்கு போகிறது, எ கடைசியில் போகிறது. வெற்றிடம். ஆரஞ்சுக் கொடி ஒரு கணம் அந்த வெற்றிடத்தில் நிற்கிறது. பிறகு கொடியே அணைந்துவிடுகிறது. பக்கத்தை மூடிவிட்டாள்.

கதவின் தாழ்ப்பாள் சத்தம். நான் போனை அப்படியே மேடைமேல் வைக்கிறேன், ஸ்பீக்கர் போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை, முகத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை, கையில் கத்தியை எடுத்துக்கொள்கிறேன், கீழே வைக்கிறேன். அமலி வந்து நிற்கிறாள். ஒரு தோள் இன்னொரு தோளைவிடக் கொஞ்சம் ஏறி, எப்போதும் நிற்கிற மாதிரி. அவள் என் முகத்தைத்தான் பார்க்கிறாள். மறைக்க நேரமில்லை. பயம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது, அவள் பார்க்கிறாள், நான் திரும்பிக்கொள்ளவில்லை.

"அந்த வரி மாறிட்டே இருந்துச்சும்மா. நான் பாத்துட்டேதான் இருந்தேன்."

"தெரியும்."

"எது நெசம்?"

"ரெண்டுமே இல்ல. நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திருத்தி அசிங்கமாக்கிட்டோம். நீ வேணும்னா செய்வோம். வேண்டாம்னா செய்ய மாட்டோம். அவ்வளவுதான்."

"அப்பாவும் அதத்தான் சொல்லுதாவளா?"

"ஆமா மக்கா," என்கிறது மேடைமேல் இருந்து போன். "அப்பா கைய மேல தூக்கிட்டுத்தான் நிக்கேன். ஒண்ணையும் தொடல."

"நீ பயப்படுதியாம்மா?"

இல்லை என்று சொல்ல வாய் திறக்கிறேன். எழுத்தில் இல்லாத ஓர் இடம் இருக்கிறது, திருத்த முடியாத இடம், அங்கே நிற்கிறேன். "ஆமாட்டி. ரொம்ப. எனக்கு ஆபரேஷன்னா பயம். ஆனா அது என் பயம். நீ அத எடுத்துக்கக் கூடாது."

அவள் என் முகத்தையே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தோசையா இட்லியா என்று கேட்டால் பார்ப்பாளே, அப்படித்தான்.

அமலி ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்றாள்.